நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு

திவ்யதர்ஷினியின் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூற்றுப் பதினெட்டு என்று வாரியத்தின் கோப்பில் பதிவாகியிருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் காலை ஒன்பது ஐந்துக்கு எடுத்த அளவு அது. அன்று அவளுக்கு இருந்த பயத்துக்கு அது குறைவுதான். ஆனால் கோப்பில் ஏறிவிட்டது. இனி அதுதான் அவள்.

வாரியத்தின் முழுப் பெயர் நம்பகக் கட்டமைப்பு வாரியம். ஊரில் ஓடும் சில முக்கியமான கருவிகளுக்கான மென்பொருளை இங்கேதான் கடைசியாகக் கட்டி, முத்திரை வைத்து, வெளியே அனுப்புவார்கள். அப்படிக் கட்டுவதை எல்லாரும் பில்ட் என்றார்கள். பில்ட் நடப்பது பதினோராம் மாடியில், இணையம் இல்லாத, சன்னல் இல்லாத, ஒரே ஒரு கணினி உள்ள அறையில். பட்டியலில் இல்லாத எதுவும் அதற்குள் போகக் கூடாது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு ஃபைலுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. ஃபைலில் ஒரு காற்புள்ளி நகர்ந்தாலும் எண் மாறிவிடும். எண் மாறினால் ஃபைல் உள்ளே போகாது.

இதுவரை நியாயம்தான். தர்ஷினியும் பல்கலைக்கழகத்தில் இதைத்தான் படித்திருந்தாள். பிறகு ஒரு தணிக்கையாளர் வந்தார். “ஃபைல்கள் மாறவில்லை, சரி. உள்ளே போகிற ஆட்கள் மாறவில்லை என்று எப்படித் தெரியும்?” என்று கேட்டார். அவர் விளையாட்டாகக் கேட்டாரா என்பது கூட்டக் குறிப்பில் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து ஆட்களுக்கும் அளவெடுத்தார்கள். எடை, உயரம், கூந்தலின் நீளம், நாடித்துடிப்பு. முதல் நாள் இருந்தபடியே என்றும் இருப்பவர் மட்டும் உள்ளே போகலாம்.

இன்னொரு ஊழியனான கபிலன், முதல் நாள் மின்தூக்கி பழுதாகி, பதினோரு மாடி ஏறி வந்து பதிவு செய்தவன். அவன் எண் நூற்று நாற்பத்தொன்று. அதன்பின் ஒவ்வொரு பில்டுக்கும் பதினோரு மாடி ஏறினான். ஏப்ரல் தொடக்கத்தில் முழங்கால் வீங்கி மருத்துவ விடுப்பில் போனான். பில்ட் செய்யத் தெரிந்தவர்களில் மிஞ்சியது தர்ஷினி மட்டும்.

அவள் எந்தப் படியும் ஏற வேண்டியிருக்கவில்லை. கதவைப் பார்த்தாலே நூற்றுப் பதினெட்டு வந்துவிடும்.

“நீ ஒருத்திதான் தங்கச்சி ஒழுங்கா மாட்ச் ஆகுற,” என்பார் கதவருகே மேசை போட்டு அமர்ந்திருக்கும் பாதுகாவல் அதிகாரி அப்துல் கையூம். அளவெடுப்பதும், கைப்பேசியை வாங்கித் தட்டில் வைப்பதும் அவர் வேலை. “மத்தவங்கள ஓட விட்டு, குதிக்க விட்டு, எனக்குப் போதும் போதும்னு ஆயிடுதுலா.”

அந்தத் திங்கட்கிழமை அவள் கட்ட வேண்டியிருந்தது ஓர் அவசரப் பொத்தானின் மென்பொருள். தனியாக வாழும் முதியவர்களின் வாடகை வீடுகளில் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். அழுத்தினால் உதவி மையத்தில் மணி அடிக்கும். அதில் ஒரு கோளாறு. ஒரு முறை அழுத்தினால் மணி அடிக்கும். இரண்டாம் முறை அழுத்தினால், தவறுதலாக அழுத்திவிட்டதாக எடுத்துக்கொண்டு, முதல் அழைப்பை அதுவே ரத்து செய்துவிடும். பயந்துபோன மனிதர் யாரும் ஒரு முறை அழுத்திவிட்டுக் கைகட்டி நிற்பதில்லை என்பது பொத்தானை வடிவமைத்த குழுவில் யாருக்கும் தோன்றவில்லை. அவர்கள் பயப்படாமல் வடிவமைத்திருந்தார்கள்.

புக்கிட் பாத்தோக்கில் தர்ஷினி வசித்த அடுக்குமாடி புளோக்கில் கீழ்த்தளத்தில் வடிவேலு அங்கிள் இருந்தார். எழுபத்தொரு வயது. செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தனியாள். மின்தூக்கிப் பொத்தானைக்கூட அவர் இரண்டு முறைதான் அழுத்துவார். “ஒரு தடவை தட்டினா யாருக்குலா கேக்கும்?” என்பார்.

கோளாறைத் திருத்திய மென்பொருளை வேறு குழு எழுதி அனுப்பியிருந்தது. அதை அறைக்குள் கட்டி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வெளியே கொண்டுவர வேண்டும். ஐந்து மணி அனுப்புதலைத் தவறவிட்டால் அடுத்தது ஆறு வாரம் கழித்து.

பில்ட் தொடங்கிய பதினொன்றாவது விநாடியில் நின்றது. திரையில் ஒரே ஒரு சிவப்பு வரி. பில்டை ஓட்டும் பைத்தான் ஸ்கிரிப்ட், ஹோம் ஃபோல்டர் இல்லை என்று சொல்லிப் படுத்துவிட்டது.

காரணம் அவளுக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. அதை இயக்குநரிடம் எப்படிச் சொல்வது என்று அவர் அறை வாசல் வரை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள்.

இயக்குநர் அம்பிகைபாகன் மற்ற மாதங்களில் ஆங்கிலத்தில்தான் பேசுவார். ஏப்ரல் தமிழ்மொழி மாதமாகக் கொண்டாடப்படுவதால் தமிழ் ஊழியர்களிடம் செந்தமிழில் பேசினார்.

“பிழைச் செய்தியின் நகல் எங்கே?”

“உள்ளேருந்து பேப்பர் வெளிய கொண்டுவரக் கூடாது சார். மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன்.”

“மனப்பாடம் செய்தீர்களா? அப்படியென்றால் அறையின் இரகசியம் ஒன்று இந்தக் கணம் வெளியே நடமாடிக்கொண்டிருக்கிறது.”

அவர் ஒரு படிவத்தை நீட்டினார். அலுவலக நேரத்துக்குப் பிறகு அந்த வரியை நினைக்க மாட்டேன் என்று தர்ஷினி கையெழுத்திட்டாள்.

“இனி, சிந்திப்போம்,” என்றார் அவர். “அறைக்குள் பட்டியலில் உள்ளவை மட்டுமே இருக்கின்றன. பட்டியலில் பிழை என்று எதுவும் இல்லை. ஆகவே அறையில் பிழை இல்லை. இருப்பதாக நீங்கள் கூறுவதால், அது உங்களோடு உள்ளே சென்றிருக்க வேண்டும்.”

கையூம் வரவழைக்கப்பட்டு அவள் பை சோதிக்கப்பட்டது. ஒரு குடை, பேருந்துக்கான ஓர் ஈஸி லிங்க் அட்டை, பாதி பிஸ்கட். ‘பிழை எதுவும் காணப்படவில்லை’ என்று கையூம் எழுதிக் கையொப்பமிட்டார்.

“சார்,” என்றாள் தர்ஷினி. குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். “சார், போன மாசம் பைத்தானைப் புது வெர்ஷனுக்கு மாத்தினோம். அது வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, குறிப்பு எழுதி வைக்க ஒரு ஃபோல்டர் தேடுது. வெளிய எல்லாக் கம்ப்யூட்டர்லயும் அது இருக்கும். நம்ம அறையில இல்ல. ஒரு காலி ஃபோல்டரைக் காட்டி ஸ்கிரிப்ட்ல ஒரு வரி சேத்தா போதும்.”

“காலி ஃபோல்டர். அதாவது ஒன்றுமில்லாத ஒன்று.”

“ஆமா சார்.”

“ஒன்றுமில்லாததை எப்படிப் பட்டியலிட முடியும்? அதன் எடை என்ன? யார் வழங்குநர்?”

அவர் சற்று இளகினார்.

“திருத்துங்கள். நான் தடை சொல்லவில்லை. ஸ்கிரிப்டை மட்டும் மாற்றாதீர்கள். மாற்றினால் அடையாள எண் மாறும். எண் மாறினால் உள்ளே போகாது.”

“மாத்தாம எப்படி சார் திருத்துறது?”

“அதற்குத்தான் மாற்ற ஆய்வுக் குழு இருக்கிறது. வியாழக்கிழமை கூடுகிறது. ஆனால் பிழை நிரூபிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு முறை நடந்தால் அது சம்பவம். இரு முறை நடந்தால் தற்செயல். மும்முறை, ஓர் எழுத்தும் மாறாமல் நடந்தால்தான் பிழை. தாங்கள் இன்னும் இரு முறை தோல்வியடைந்து வாருங்கள்.”

செவ்வாய்க்கிழமை அவள் ஒழுங்காகத் தோற்றாள். அன்று மாலை அம்மா அவளை லிட்டில் இந்தியாவுக்கு இழுத்துப்போனார். ஞாயிற்றுக்கிழமை சித்தி மகளுக்கு நிச்சயதார்த்தம். அழகு நிலையத்தில் முடி நுனியை வெட்டிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

புதன்கிழமை காலை கதவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

கையூம் டேப்பை எடுத்து அவள் கூந்தலை அளந்தார். இரண்டு முறை அளந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “தங்கச்சி, அஞ்சு சென்டிமீட்டர் காணோம்.”

“வெட்டிட்டாங்க அண்ணே.”

“யார் கேட்டு வெட்டினாங்க? சரி, அழாத. அழுதா எடை குறையும். மதியத்துக்குள்ள ரெண்டு இன்ச் முடி வாங்கிட்டு வா.”

ரயிலில் இரண்டு நிறுத்தம்தான். சிராங்கூன் சாலையில் மல்லிகைச் சரங்களுக்குப் பின்னால் இருந்த கடையில் சவுரிகள் நீளவாரியாகத் தொங்கின.

“கல்யாணமா, பரதநாட்டியமா?” என்று கேட்டார் கடைக்காரர்.

“ஆபீஸுக்கு.”

“ஆபீஸுக்கா? எவ்வளவு நீளம் வேணும்?”

“ரெண்டு இன்ச்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். “ரெண்டு இன்ச்சுக்கு யாரும்மா சவுரி வைப்பாங்க?”

இடுப்பு வரை நீளும் சவுரி ஒன்றை வாங்கி, அங்கேயே வெட்டச் சொல்லி, நுனியில் இரண்டு அங்குலத்தை மட்டும் கட்டிக்கொண்டு வந்தாள். அது இருபது கிராம் இருக்கும் என்று பயந்து மதியம் சாப்பிடவில்லை. பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே போனாள். ஸ்கிரிப்ட் பதினொன்றாவது விநாடியில் அதே சிவப்பு வரியைக் காட்டிவிட்டு நின்றது. ஓர் எழுத்தும் மாறவில்லை. அவளுக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நொடியே பகீரென்றது. இப்படி நிம்மதியாக இருந்து பழகினால் துடிப்பு குறைந்துவிடுமே.

வியாழக்கிழமை காலை, பேருந்து நிறுத்தத்துக்குப் போகும் வழியில், வடிவேலு அங்கிளின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் கட்டு. ஒரு கை வீங்கியிருந்தது.

“என்ன அங்கிள் ஆச்சு?”

“ஒண்ணுமில்லைலா. நேத்து சாயந்திரம் பாத்ரூம்ல வழுக்கிட்டேன். ரெண்டு மணி நேரம் அங்கேயே படுத்துக் கிடந்தேன். பக்கத்து வீட்டு மலாய் மாச்சிக் குவே பலகாரம் கொடுக்க வந்தாங்க, சத்தம் கேட்டு ஆளைக் கூப்பிட்டாங்க.”

“பொத்தானை அழுத்தலையா?”

“அழுத்தாம? பாத்ரூம்லயே ஒண்ணு இருக்கே. தவழ்ந்து போயி அழுத்தினேன். யாரும் வரல. மறுபடியும் அழுத்தினேன். அப்பவும் வரல.” அவர் சிரிக்கப் பார்த்தார், வலித்தது போலும். “நம்ம கவர்மெண்ட்டு பொத்தான் பிஸி போலன்னு நெனச்சேன்.”

தர்ஷினி அங்கேயே நின்றாள். பேருந்து போனது. அடுத்ததும் போனது.

மாற்ற ஆய்வுக் குழுவில் ஐந்து பேர். இரண்டு பேருக்குத் தமிழ் தெரியாது. இயக்குநர் முதலில் தமிழிலும் பிறகு ஆங்கிலத்தில் சுருக்கமாகவும் பேசினார். தமிழ் தெரியாத இருவரும் தமிழ்ப் பகுதிக்குத்தான் அதிகம் கைதட்டினார்கள்.

“அவையோரே! இந்த அறை கட்டப்பட்டு எட்டு ஆண்டுகள் ஆகின்றன. இந்த எட்டு ஆண்டுகளில் பட்டியலில் இல்லாத ஒரு தூசியும் உள்ளே நுழைந்ததில்லை. கடந்த ஆண்டு மட்டும் நூற்றுப் பன்னிரண்டு திருத்தங்களை நாம் வெற்றிகரமாகத் தடுத்திருக்கிறோம். அவற்றுள் தொண்ணூறு திருத்தங்கள் சரியானவை என்று பின்னர் தெரியவந்தது. சரியானவற்றையே தடுக்கும் வல்லமை பெற்ற நாம், தவறானவற்றை விடுவோமா? வெளியே இருப்பவர்கள் கேட்கிறார்கள்: பொத்தான் வேலை செய்யவில்லையே என்று. நான் கேட்கிறேன்: பொத்தான் வெளியே இருக்கிறது. அது நம் அறையிலா இருக்கிறது?”

கைதட்டல் அடங்கியதும் தர்ஷினியைப் பேசச் சொன்னார்கள். அவள் எழுதி வைத்திருந்த தாளில் மூன்று வரிகள் இருந்தன. அவற்றைப் படிக்கவில்லை. பையிலிருந்து மணி இணைத்த மாதிரிப் பொத்தான் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து அழுத்தினாள். அறை அதிர மணி அடித்தது. ஒருவர் காப்பியைக் கொட்டிக்கொண்டார். இன்னொரு முறை அழுத்தினாள். மணி நின்றது.

“இப்ப எல்லாருக்கும் நிம்மதியா இருக்குல்ல?” என்றாள். “நேத்து எங்க புளோக்ல ஒருத்தர் இதே மாதிரி ரெண்டு தடவை அழுத்தினாரு. ரெண்டு மணி நேரம் பாத்ரூம் தரையில கிடந்தாரு. அவருக்குப் பயமா இருந்துச்சு, அதனால ரெண்டாவது தடவை அழுத்தினாரு. அவ்வளவுதான் அவர் செஞ்ச தப்பு. எனக்கு ஒரு வரி சேக்கணும். ஒரே வரி. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள.”

பிறகு அதையே ஆங்கிலத்திலும் சொன்னாள். தன் குரல் அறையின் மறுமூலை வரை போய்த் திரும்புவதை வாழ்க்கையில் முதல் முறையாகக் கேட்டாள்.

குழுவில் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: “மூன்று முறை அழுத்தினால்?”

“இரு முறைக்கு மேல் அழுத்துவோர் நம் ஆய்வில் இல்லை,” என்றார் இயக்குநர். அந்தக் கேள்வி குறிப்பில் ஏறவில்லை.

ஒரு வரி ஏற்கப்பட்டது. புது ஸ்கிரிப்டுக்குப் புது எண் வழங்கப்பட்டது. நிபந்தனை ஒன்றே ஒன்று: பதிவு பெற்ற ஊழியர், பதிவு பெற்றபடியே, உள்ளே கொண்டுசெல்ல வேண்டும்.

கையெழுத்துகள் எல்லாம் சேர்ந்து தாள் அவள் கைக்கு வந்தபோது வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி. பில்ட் ஓட இருபத்திரண்டு நிமிடம். அவசரமில்லை. கைப்பேசியைத் தட்டில் வைத்தாள். எடை சரி. உயரம் சரி. சவுரி சரி. துடிப்புமானியில் விரலை வைத்தாள்.

எழுபத்து நான்கு. சிவப்பு விளக்கு.

கையூம் கருவியைத் தட்டிப் பார்த்தார். தன் விரலை வைத்துப் பார்த்தார். “மெஷின் நல்லாத்தான் இருக்கு. என்ன தங்கச்சி, உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன் அண்ணே.”

“அதாம்லா பிரச்சனை. பயம் எங்க போச்சு?”

அவள் தேடிப் பார்த்தாள். நேற்று அந்த மேசைமேல் விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும். குதித்துப் பார்த்தாள், எண்பத்தொன்பதுக்குப் போய் இறங்கியது. கபிலனைப் போல் மாடிப்படி ஏறப் போனால், படிக்கட்டுக் கதவு பராமரிப்புக்காகப் பூட்டியிருந்தது.

“டைரக்டர் உன்னைக் கூப்பிட்டாரு,” என்றார் கையூம் திடீரென்று.

எழுபத்தாறு.

“உன் வேலையை நிரந்தரமாக்க மாட்டாங்களாம்.”

எழுபத்தைந்து.

“உன் பின்னாடி கரப்பான்பூச்சி.”

அவள் திரும்பி, குனிந்து, அக்கறையோடு பார்த்தாள்.

நான்கு இருபத்தைந்துக்கு இயக்குநரே வந்துவிட்டார். அளவுத்தாளைப் பார்த்தார். உண்மையாகவே வருந்தினார்.

“நீங்கள் மாறிவிட்டீர்கள், திவ்யதர்ஷினி. நேற்றைய உரை மிகச் சிறப்பு. ஆனால் உரையாற்றியவர் வேறொருவர். நாம் பதிவு செய்தவர் வேறொருவர். புதிதாகப் பதிவு செய்யலாம். ஆறு வாரம் ஆகும். அதுவரை முதியவர்களைப் பொறுமையாக ஒரு முறை மட்டும் அழுத்தச் சொல்லி ஒரு சுவரொட்டி அடிப்போம்.”

அவர் போனார். நான்கு முப்பது. நான்கு முப்பத்திரண்டு. அவளுக்கு அழுகை வந்தது, பயம் வரவில்லை.

கையூம் மேசைத் தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார். “அந்த அங்கிள் நம்பரைச் சொல்லு. ஒரு தடவை மட்டும் அழுத்துங்கன்னு சொல்லி வைப்போம். ஆறு வாரம் போகணுமே.”

அவள் சொல்லச் சொல்ல அவர் எண்களை அழுத்தினார். ஒலிபெருக்கியைப் போட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை.

“வீட்ல இருப்பாருல்ல?”

“இந்த நேரத்துல இருப்பாரு. டீ குடிச்சிட்டு டிவி பாப்பாரு.”

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கையூம் துண்டித்துவிட்டு மறுபடி அடித்தார். அந்த மணி ஒரு காலி வீட்டில் அடிப்பது போல் அடித்தது. ஈரத் தரை, வீங்கிய கை, சுவரில் சிவப்புப் பொத்தான். ஒன்று. பிறகு இரண்டு.

“எடுங்க அங்கிள்,” என்றாள் தர்ஷினி. அவளுடைய விரல் துடிப்புமானியிலேயே இருந்தது.

தொண்ணூற்றொன்று. நூற்று நான்கு. நூற்றுப் பதினொன்று. நூற்றுப் பதினெட்டு.

பச்சை விளக்கு. கதவு திறந்தது.

“போ!” என்றார் கையூம்.

“அண்ணே, அங்கிள்—”

“நான் அடிச்சிக்கிட்டே இருக்கேன். நீ போ தங்கச்சி!”

கதவு மூடியது. உள்ளே எந்தச் சத்தமும் வராது. அவள் புது ஸ்கிரிப்டை ஏற்றினாள். ஒன்பது, பத்து, பதினொன்று. பைத்தான் தன் ஃபோல்டரைத் தேடியது. கிடைத்தது. ஒன்றுமில்லாத ஒன்றில் தன் குறிப்புகளை எழுதிவிட்டு மேலே ஓடியது. இருபத்திரண்டு நிமிடமும் அவள் திரையைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு ஐம்பத்தெட்டுக்கு முத்திரை விழுந்தது.

வெளியே ஓடி வந்தாள். “எடுத்தாரா?”

கையூம் தலையைச் சொறிந்தார். “நான் அடிச்சது அங்கிள் நம்பர் இல்ல. நம்ம மாடி பேன்ட்ரி, காப்பி போடுற இடம். அங்க யாரும் எடுக்க மாட்டாங்கன்னு தெரியும்.” பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார்: “நீ உள்ள போனதும் அவருக்கு நெசமாவே அடிச்சேன். டிவி பாத்துக்கிட்டிருக்காரு. கதவைத் தட்டி உனக்குச் சொல்ல விதி இல்ல.”

அவரை அடிப்பதா கட்டிக்கொள்வதா என்று தர்ஷினிக்குத் தெரியவில்லை. இரண்டும் அவளுக்குப் பழக்கமில்லாததால் நன்றி சொன்னாள்.

ஆறு மணிக்குள் புது மென்பொருள் எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்தது. இயக்குநர் சுற்றறிக்கை அனுப்பினார்: பதிவில் சிறிதும் மாறாத ஊழியராலேயே இது சாத்தியமாயிற்று, இனி எல்லாரும் முதல் நாள் அச்சத்தை ஓய்வு பெறும்வரை பேணிக் காக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

சனிக்கிழமை காலை அவள் வடிவேலு அங்கிள் வீட்டுக்குப் போனாள். “அழுத்திப் பாருங்க அங்கிள். உங்க இஷ்டப்படி. சோதனைன்னு சென்டர்ல சொல்லிட்டேன்.”

அவர் எழுந்து, சட்டையைச் சரிசெய்துகொண்டு, அழுத்தினார். சற்றுக் காத்திருந்து மறுபடி அழுத்தினார்.

இரண்டு விநாடி அமைதி. பிறகு சுவரிலிருந்து ஒரு பெண் குரல் தெளிவாக வந்தது: “வணக்கம், அவசர உதவி மையம். சொல்லுங்க ஐயா.”

சுவர் பேசும் என்று வடிவேலு எதிர்பார்க்கவில்லை. “அலாமாக்!” என்று திடுக்கிட்டு, கை தன்னால் போய், மூன்றாவது முறையும் அழுத்திவிட்டார்.

குரல் பாதியில் நின்றது.

இருவரும் பொத்தானைப் பார்த்தபடி நின்றார்கள். மணி அடிக்கவில்லை. யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

“போயிட்டாங்களா?” என்று கேட்டார் அவர்.

திங்கட்கிழமை பதினோராம் மாடிக் கதவு திறக்குமா என்ற கவலை இனி தர்ஷினிக்கு இல்லை. மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இருக்கவில்லை, துடிப்பு காதுக்குள்ளேயே கேட்டது.